முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என்னுடையது பதிவு மேசை. வருகிறவர்களின் பெயர், வயது, என்ன பரிசோதனை என்பதைக் கணினியில் ஏற்றி, ட்யூபில் ஒட்டும் சீட்டை அச்சடித்துக் கொடுப்பேன். என் மேசைக்கு இரண்டடி தள்ளி ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் ரத்தம் எடுக்கும் நாற்காலி. பன்னிரண்டு வருடம் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றவர்தான் நான் சொல்லப்போகிற அக்கா.

நரம்பு தேடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேறு இடத்தில் மூன்று முறை குத்தி நீலம் பாரித்த கையோடு வருவார்கள். அக்கா விரல் நுனியால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான், ட்யூபில் ரத்தம் ஏறிவிடும். ஊசியை வைக்குமுன் "வலிக்காது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அதனாலேயே வருகிறவர்களுக்கு அவர் வலிக்காது அக்கா. அவர் விடுப்பில் இருக்கிறார் என்று தெரிந்தால், நாளைக்கு வருகிறேன் என்று வெறும் வயிற்றோடு திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுபவர் பக்கத்தில் இன்னொரு பிரேக் வைத்த சின்ன வண்டி. பொறுமைசாலி. சுவரில் இடிக்கப் போகிறவரிடம்கூட, "இன்னும் கொஞ்சம் மெதுவா இடிக்கலாம்" என்பாராம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை, உச்சந்தலை. பின் சீட்டில் தன் முறைக்காகக் காத்திருப்பவருக்கு ஒரு மணி நேரமும் அந்த வழுக்கைதான் காட்சி என்று ஒரு கூச்சம். கல்லூரியில் படிக்கிற மகள் அதற்கு நிலா என்று பெயர் வைத்திருந்தாள். "அப்பா, இன்னிக்கு வளர்பிறை" என்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் குளியலறையில் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே பிடித்து உச்சியைப் பார்ப்பதை விடவில்லை.

எங்கள் நிலையத்தின் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மூட்டுவலிக்குப் பூச்சு, சத்து மாவு, அவற்றோடு முடி உதிர்வுக்கான மாத்திரைப் பாட்டில்கள். முடி கொட்டுகிறது என்று பரிசோதனைக்கு வருகிறவர்கள் போகும்போது கையோடு ஒன்று வாங்கிப் போகட்டும் என்பது மேனேஜரின் யோசனை. நன்றாகவே விற்றது. பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் பயோட்டின் என்று இருக்கும். கீழே பத்தாயிரம் மைக்ரோகிராம் என்று இருக்கும். பின்பக்கம் துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஏ, ஈ என்று ஒரு பட்டியல். பத்தாயிரம் என்றால் பெரிய எண், நல்லதுதான் போலிருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய முப்பதுதான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பாட்டில் தீரத் தீர அக்காதான் கணவருக்கு வாங்கிக்கொண்டு போனார்.

நான்கைந்து மாதம் அவர் தவறாமல் சாப்பிட்டார். புதிதாக முளைத்திருப்பதாகச் சொன்னார். அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அவர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். மனைவியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சில் ஏதோ கல்லை வைத்த மாதிரி இருக்கிறது, அரை மணி நேரமாகத்தான், எதற்கும் பார்த்துவிடலாம் என்று வந்தேன் என்றார். அக்கா அவரை உடனே மாடிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். ஈசிஜி எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இதயத்தில் அடி விழுந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டை அச்சடித்தவள் நான். ரத்தம் எடுத்தவர் அக்கா. பின்னறையில் இருக்கும் இயந்திரத்தில் ஓட்டியவர் எங்கள் மிஷின்காரர். முடிவு வந்தது. எண் வரம்புக்கு மிகவும் கீழே இருந்தது. அதற்குள் நெஞ்சின் கனமும் குறைந்துவிட்டிருந்தது.

அக்கா தாளை அவரிடம் காட்டினார். "ஒண்ணுமில்லைங்க. எல்லாம் நார்மல். வாயுவா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நாளைக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணுமாம். வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார்.

அவர் என் மேசையைத் தாண்டும்போது, பாஸாகிவிட்டேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு வகுப்பை முடித்துவிட்டு, போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பினார். அன்று கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு தையல்காரப் பெண். இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்துவது அன்றைய பாடம். அந்தப் பெண் முதல் முறையிலேயே சரியாக நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொல்வார் என்று நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். ஒன்றும் சொல்லாததால் திரும்பிப் பார்த்தார். அவர் கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்ததாம்.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா வேலைக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கலாமே என்று மேனேஜரே சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுவிட்டு அக்கா கையுறையை மாட்டிக்கொண்டார். கை துளியும் பிசகவில்லை. யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னார். அழவில்லை. அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அக்கா, சரி என்று தலையாட்டினார், ஏதோ காகிதத்தில் கையெழுத்துக் கேட்டதுபோல.

"எனக்கு ஒண்ணுமே தோணல. பல் பிடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்குமே, அப்படி இருக்கு" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. பேருந்து தாமதம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்தார். மூன்றாவது பங்கை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் தானே சாப்பிட்டார். மகளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பத்திரமாகச் சுற்றி நடந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. தலையணையில், சீப்பில், குளியலறை வடிகட்டியில், சட்டைக் காலரில். அக்காவுக்கு முழங்கையைத் தொடுகிற பின்னல் இருந்தது. அது எலிவால் ஆகிவிட்டது. வகிடு அகன்று மண்டையின் வெள்ளை தெரிந்தது. ஒரு நாள் ரத்தம் எடுத்த இடத்தில் ஒற்றிய பஞ்சில் ஒரு நீள முடி ஒட்டியிருந்ததை ஒரு வாடிக்கையாளர் பார்த்து முகம் சுளித்தார். அன்றிலிருந்து அக்கா தலைக்குத் துணித் தொப்பி போட்டுக்கொண்டார்.

அவர் அதற்காகவும் கவலைப்படவில்லை. கவலைப்பட்டவர்கள் மற்றவர்கள்தான். நாத்தனார் ஞாயிறுதோறும் வெங்காயத்தை அரைத்துச் சாறு பிழிந்துகொண்டு வந்துவிடுவார். அதோடு விளக்கெண்ணெய், முட்டை மஞ்சள் கரு. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, தன் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டே தேய்ப்பார். தேய்ப்பவருக்குக் கண்ணீர் வழியும். அது வெங்காயத்துக்கா தம்பிக்கா என்று யாருக்கும் தெரியாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை காலை நிலையமே சமையலறை மாதிரி மணக்கும்.

குளியலறை அலமாரியில் கணவரின் கடைசிப் பாட்டில் பாதி நிறைய இருந்தது. வீணாக்குவானேன் என்று அக்கா அதை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். முடிந்ததும் எங்கள் அலமாரியிலிருந்து இன்னொன்று வாங்கினார்.

ஒரு மாதம் ஆகியும் நிற்காததால், நான்தான் வற்புறுத்தித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடு வயதுப் பெண்மணி. அக்காவின் தலையிலிருந்து ஒரு கற்றையைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஏழெட்டு முடி சுளுவாகக் கையோடு வந்தது. வேரில் வெள்ளையாகச் சின்னக் குமிழ். மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல், ஆபரேஷன், பெரிய அதிர்ச்சி ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா, இல்லை என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு அவரே, கணவர் இறந்தார் என்றார்.

டாக்டர் கையோடு வந்த முடியை மேசைமேல் வைத்தார். "பெரிய அடி விழுந்தா நிறைய முடி ஒரே நேரத்துல வளர்றதை நிறுத்திடும். ஆனா உடனே விழாது. ரெண்டு மூணு மாசம் அங்கேயே நிக்கும், அப்புறம்தான் விழும். இப்ப விழுறது அன்னிக்கே நின்னு போனதும்மா" என்றார்.

இது பெரும்பாலும் தானாகவே சரியாகும், தலையில் தேய்க்கும் மருந்து இப்போதைக்குத் தேவையில்லை என்றும் சொன்னார். ஆனால் உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருந்தாலோ தைராய்டில் கோளாறு இருந்தாலோ திரும்ப வளராமல் இழுத்தடிக்கும், அதனால் பரிசோதித்துவிடலாம் என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி என்று நினைத்து, அக்கா சாப்பாட்டைச் சொன்னார். மாத்திரையைச் சொல்லவில்லை.

அக்காவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தது அன்று நான். எனக்கும் அந்தப் பயிற்சி உண்டு, ஆனால் அவர் அளவுக்குக் கை லாகவம் இல்லை. வலித்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

*

முடிவைப் பார்த்தவுடன் மிஷின்காரர் தானே எழுந்து என் மேசைக்கு வந்தார். இருபது வருடமாக இயந்திரங்களோடு மட்டும் பேசிப் பழகியவர். மனிதர்களிடம் பேச அவருக்கு ஒரு காரணம் வேண்டும். தைராய்டு தாறுமாறாக ஓடுகிறது என்று தாள் சொன்னது. அப்படி ஓடினால் கூடுகிற ஹார்மோன் இரண்டு மடங்கு கூடியிருந்தது. குறைகிற ஹார்மோன் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. இப்படி இருந்தால் உடனே மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் அக்காவைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொன்னார். நடுக்கம் இல்லை. நாடி பிடித்தார். அறுபத்தெட்டு. எடை குறைந்திருக்கிறதா, வியர்க்கிறதா, படபடப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை.

"தாள்ல இருக்கிற ஆளும் நீங்களும் ஒண்ணு இல்ல. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார்.

அக்கா வாசல் அலமாரியைக் காட்டினார்.

நான்கு நாள் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார். தைராய்டு எல்லோருக்கும் போல நார்மல். சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதல் தடவை ஆறு என்று வந்திருந்தது. இப்போது பதினொன்று. அதுவும் பொய்யாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் பதினொன்றும் குறைவுதான். தோல் டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். டீயோடு சாப்பிடக் கூடாது, டீ இரும்பை ஏறவிடாது, புளிப்பான பழச்சாறோடு சாப்பிடணும் என்று சொல்லி அனுப்பினார். முடி பாட்டிலின் பின்பக்கப் பட்டியலை வாங்கிப் பார்த்து, செலினியமும் வைட்டமின் ஏவும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும், குறை இருந்தால் மட்டும்தான் கொடுக்க வேண்டும், இதைத் தூக்கிப்போடுங்கள் என்றார். அக்கா அன்றே தூக்கிப்போட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் வேலை குறைவாக இருந்த நேரத்தில், அது எப்படி இரண்டு மாதிரி வந்தது என்று அக்கா பின்னறைக்குப் போய்க் கேட்டார். நானும் கூடவே போனேன்.

மிஷின்காரர் பொறுமையாக விளக்கினார். இயந்திரத்துக்குள் போகும் மருந்தில் பயோட்டின்தான் பசை மாதிரி. அது போய் ஒட்டிக்கொள்வதற்கென்று உள்ளே இருக்கைகள் இருக்கின்றன. நம் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அது முந்திப் போய் எல்லா இருக்கைகளிலும் உட்கார்ந்துவிடும். மருந்தில் இருப்பது உட்கார இடமில்லாமல் கழுவிப் போய்விடும். இயந்திரம் தப்பாக எண்ணும். சில பரிசோதனையில் கூட்டிக் காட்டும், சிலதில் குறைத்துக் காட்டும். எல்லா நிறுவனத்து இயந்திரமும் அப்படியில்லை, எங்களுடையது அப்படி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வருகிற தாளில் எறும்பு எழுத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். தானே இத்தனை நாள் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை என்றும் சொன்னார்.

அக்கா அந்தத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நின்றுகொண்டே படித்தார். ஐந்தாவதோ ஆறாவதோ தாளில் நின்றார்.

"அண்ணா, இதயத்துக்கு எடுக்கிறதும் இதே முறைதானா?"

மிஷின்காரருக்கு அந்த நொடியில்தான் அது உறைத்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான். அவர் இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஆமா."

"அதுல கூடுமா, குறையுமா?"

"குறையும்மா."

அக்கா தாளை அதன் மடிப்பிலேயே மடித்து, எடுத்த பெட்டிக்குள் வைத்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். மதியம் வரைக்கும் ஒன்பது பேருக்கு ரத்தம் எடுத்தார். ஒருவருக்குக்கூட இரண்டாவது குத்து தேவைப்படவில்லை. நான்தான் மூன்று பேருக்கு வயதைத் தப்பாக ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா மாடி டாக்டரைப் போய்ப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். வலி ஆரம்பித்து அரை மணியில் எடுத்தால் அந்தப் பரிசோதனையில் தெரியாமல் போவதும் சகஜம், அதனால்தான் இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன் என்றார். அன்றே, மூன்று மணி நேரத்தில் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார். மாத்திரையாலும் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. ரத்தத்தை ஒரு வாரத்துக்கு மேல் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

"அப்ப தெரியாது" என்றாராம் அக்கா.

"தெரியாதும்மா."

பேருந்து நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். உங்கள் மேல் தப்பு இல்லை என்று தொடங்கினேன். அக்கா குறுக்கிடவில்லை, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, நாளைக்கு ஆறு பேர் சர்க்கரைக்கு வருகிறார்கள், சீக்கிரம் வந்துவிடு என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

*

மறுநாளிலிருந்து அக்கா கேட்க ஆரம்பித்தார். ரப்பர் பட்டையைக் கையில் கட்டுவதற்கு முன்னால், "முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? நகத்துக்கு, தோலுக்கு?" என்று கேட்பார். எழுபது வயது வழுக்கைத் தாத்தாவையும் கேட்டார். "எந்த முடிக்கும்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டதில் வரிசையே சிரித்தது. அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆமாம் என்று சொன்னவர்களை, என்ன பரிசோதனை என்று பார்த்து, மூன்று நான்கு நாள் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். நெஞ்சுவலி என்று வருகிறவராக இருந்தால் அவரே மாடிப்படி ஏறிப் போய் டாக்டரிடம் சொன்னார்.

ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு மாதமாகத் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைச் சாப்பிட்டதிலிருந்து உடம்பு வீங்கி, எந்நேரமும் தூக்கம். முடி மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார் என்பது அக்கா கேட்டதும்தான் வெளியே வந்தது. அதை நிறுத்திவிட்டு, உங்கள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்கிறபடி மறுபடி எடுங்கள் என்றார் அக்கா. சில வாரத்தில் அந்த ஆசிரியை திரும்பி வந்தார். அவருக்குத் தைராய்டு நோயே இருந்ததில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். அக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே விடை தெரியாமல்தான் கேட்டார்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வேறு நிலையத்துக்குப் போனார்கள். அலமாரியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள், இதை இங்கேயே விற்கிறீர்கள், இங்கேயே வேண்டாம் என்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். இரண்டு முறை நயமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"அக்கா, நீங்க ரத்தம் எடுக்க வர்றீங்க, பேட்டி எடுக்க இல்ல."

"சரி சார்."

"சரின்னு போனவாரமும் சொன்னீங்க."

"என் வீட்டுக்காரர் இந்த மாத்திரைதான் சாப்பிட்டாரு சார். நான்தான் வாங்கிட்டுப் போனேன். அன்னிக்கு ரத்தத்தையும் நான்தான் எடுத்தேன். ஒண்ணுமில்லைன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் அக்காவை எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலைக்கு அவரை மாற்றினார். அங்கே கேட்டால் அலமாரிக்கு முன்னால் கேட்டதாகாது. நாற்காலி எனக்கு வந்தது. பதிவு மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மேசையை அவளிடம் ஒப்படைக்கும் அன்று, யாரையும் கேட்காமல், பதிவுப் படிவத்தில் மருந்துகள் என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டேன்: முடி, நகம், தோலுக்கான மாத்திரைகள் - ஆம், இல்லை. மேனேஜர் இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அலமாரியும் இருக்கிறது.

மகளிடம் அக்கா இதை வெகு நாள் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று என்னிடமும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாள் மாலை, மகள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வகிட்டோரத்தில் சின்னச் சின்னதாகப் புது முடி குத்திட்டு நின்றது. பல் துலக்கும் பிரஷ் மாதிரி இருக்கு அம்மா என்று மகள் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. முடி மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்கவே, அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தாளில் இருந்தது, டாக்டர் சொன்னது, தெரியாது என்பது, எல்லாம்.

மகள் சீப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பாவை ரெண்டு ரெண்டா போடச் சொன்னது நான்தாம்மா. ஒண்ணு போட்டா எப்ப வளர்றதுன்னு சொன்னேன். அதுலேர்ந்து தினமும் ரெண்டு."

"பாட்டில்லயே ரெண்டு வரைக்கும் போடலாம்னுதான் எழுதியிருந்துச்சு" என்றார் அக்கா. "நான் படிச்சேன்."

"நெஜமாவா?"

"நெஜமா. பின்னலைப் போடு."

அவள் பின்னலைப் போட்டாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். அதற்கு மேல் அன்று எதுவும் நடக்கவில்லை என்றுதான் அக்கா என்னிடம் சொன்னார். அந்தப் பாட்டிலை நான் தினமும் பார்க்கிறேன். நாளைக்கு ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

கணவர் இறந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. ஃபெரிட்டின் ஐம்பதைத் தொட்டுவிட்டது, இரும்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று. முடி நன்றாக அடர்ந்துவிட்டது. பழைய நீளம் வேண்டாம் என்று கழுத்தளவோடு வெட்டிக்கொண்டார். காலை ஆறு மணிக்கு ட்யூப் வைக்கும் சின்னக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் பதினோரு மணிக்கு இருபது வீடு முடித்துவிடுகிறார். வீட்டில் கேட்டால் ஜனங்கள் ஒளிக்காமல் சொல்கிறார்களாம். ஒரு வீட்டில், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றதும், புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரு கூடையையே தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாளாம். அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகப் படித்து, இரண்டை மட்டும் கூடையில் விட்டு மிச்சத்தைத் தனியாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

போன வாரம் மதியம் நாங்கள் பின்னறையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். மிஷின்காரரும் இருந்தார். நான் கொண்டுபோன காயில் அக்காவுக்கும் கொஞ்சம் வைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்தார், இன்னொரு வாய் எடுத்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்து ஒன்று சொன்னது இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. நான் எழுந்து உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். போட்டுக் கலந்துகொண்டு, மீதியையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பிட்ட பிறகு சர்க்கரை பார்க்கும் இரண்டு மணி வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.